டீச்சரம்மா பெயர் வைத்த கிடா

மாடனுக்கு நேர்ந்துவிட்ட கிடாவின் கழுத்திலிருந்து மஞ்சள் துணியை அவிழ்க்கிற துணிச்சல் கீழப்படுகையில் யாருக்கும் கிடையாது. அன்று காலையில் ஐயம்பெருமாள் அந்தத் துணிச்சலை எங்கிருந்தோ வரவழைத்துக்கொண்டான். கோயில் இருக்கிற பக்கமாகத் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மத்தியானத்துக்குள் திரும்பக் கட்டிவிடுகிறேன் என்று சுடலைமாடனுக்கு வாக்குக் கொடுத்தான். பிறகு துணியை அவிழ்த்து மடியில் செருகினான். வெறுங்கழுத்தில் துணி கிடந்த தடம் பளிச்சென்று தெரிந்தது. அதை மறைக்க மகள் வேணியின் பள்ளிக்கூட ரிப்பனைக் கட்டி, முடிச்சை விரித்தும் விட்டான். கிடாவுக்கு அது பிடிக்கவில்லை. கழுத்தை வளைத்து ரிப்பனைத் தின்னப் பார்த்தது.

தங்கத்தாய் வேப்பமர நிழலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நறுக்கிய இலையில் தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி அறுத்துப் போடுகிற வேலைக்குக் கண் வேண்டியதில்லை. கண்ணை அவள் புருசன் மேல் வைத்திருந்தாள்.

“கழுத்த மறைச்சாச்சு. காத என்ன செய்யப் போறிய?” என்றாள்.

நேர்ந்துவிடும்போது இடது காதின் நுனியை நறுக்கிவிடுவது வழக்கம். ஐயம்பெருமாள் அதை மறந்தே போயிருந்தான். வாழைத்தார் சுமந்து காய்த்துப்போன கையால் கிடாவின் காதைத் தடவிப் பார்த்தான்.

“மெட்ராஸ்லேர்ந்து வாறவ காதையா பாக்கப் போறாவ? கேட்டா நாய் கடிச்சிட்டுன்னு சொல்லிருவோம்.”

“நீங்களே சொல்லுங்க. என் வாயில அது வராது.”

வரப்போகிறவர் டீச்சரம்மா. விஜயஸ்ரீ என்று பெயர். சென்னையில் ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பிறந்த இடம் திருநெல்வேலி டவுண்தான், மேல ரத வீதிப் பக்கம். சைவ வேளாளர் வீடு. ஒரு காலத்தில் ஆற்றுப் பாய்ச்சலில் வயல்கள் இருந்தன, இப்போது இல்லை. இந்த விவரமெல்லாம் கீழப்படுகைக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் மெட்ராஸ் என்பதும், வேணிக்கு அவர்தான் எல்லாம் என்பதும்.

வேணி ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற டிரஸ்டு ஒன்றிலிருந்து வந்து தெருப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துப் போனார்கள். எந்தப் பிள்ளையை யார் பார்த்தார்களோ, முன்பல் இரண்டும் விழுந்து நின்ற வேணியின் படம் டீச்சரம்மாவின் கண்ணில் பட்டது. அன்றைக்குப் பிடித்தது, இன்றுவரை விடவில்லை. பை, செருப்பு, சீருடை, கண்ணாடி எல்லாம் வந்தது. வேணியின் பெயரால் வந்ததில் ஒரு பங்கு தெருவுக்கும் போனது. சாயங்காலப் பாட வகுப்பு அப்படி வந்ததுதான். ஐந்தாம் வகுப்பில் மஞ்சள் காமாலை முற்றி, பிள்ளை கண் திறக்காமல் கிடந்தபோது, டிரஸ்டில் வேலை பார்க்கிற மெர்வின்தான் தன் மோட்டார் சைக்கிளில் தாயையும் மகளையும் வைத்துப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கூடவே கிடந்தார். அந்த உதவி இல்லையென்றால் வேணி இந்நேரம் எட்டாம் வகுப்போடு நின்று, மடியில் முறத்தை வாங்கியிருப்பாள். அதை இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும் என்று தங்கத்தாயே சொல்வாள்.

ஆனால் வாங்கிக்கொள்வதிலும் ஒரு பாடு இருக்கிறது. அது வாங்கினவர்களுக்குத்தான் தெரியும். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து வரைந்து அனுப்ப வேண்டும், பிறந்தநாளுக்கு நன்றி எழுத வேண்டும். வருசத்துக்கு ஒருமுறை படம் பிடிக்கிறபோது சிரிக்க வேண்டும்; ஆனால் ரொம்பவும் சிரித்துவிடக் கூடாது. ரொம்பச் சிரித்தால் குறையில்லாத பிள்ளை மாதிரி இருக்கும், சிரிக்காவிட்டால் கொடுக்கிறவர்கள் மனசு கஷ்டப்படும் என்று மெர்வின் சொல்வார். நல்ல மனிதர், பாவம், அவர் பிழைப்பும் அதில்தான் இருந்தது. டிரஸ்டு விழா நடக்கிற நாளில் தெரு முழுக்கத் தட்டோடு வரிசையில் நிற்கும். தங்கத்தாய் வரிசையில் நின்றபடியே தலைமுக்காட்டைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள்வாள்.

ஆடு வந்த கதை இது. வேணி பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கினதற்காக டீச்சரம்மா தனியாக ஒரு பரிசு அனுப்பினார். குடும்பத்துக்கு நிலையாக ஒரு வருமானம் வரட்டும் என்று மெர்வின் சினை ஆடு ஒன்றை வாங்கித் தந்தார். அது ஐப்பசி அடைமழையில் ஒற்றைக் குட்டி போட்டது. கிடாக்குட்டி. நெற்றியில் வெள்ளை. சேதி போனதும், குட்டிக்குத் துரை என்று பெயர் வைத்துக் கூப்பிடு என்று டீச்சரம்மா பதில் எழுதினார். தெருவுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. குட்டி எந்த வீட்டுக் குழம்புச் சட்டியில் வாய் வைத்தாலும், துரை சாப்பிட வந்திருக்காரு என்று சிரிப்பார்கள்.

மார்கழி பிறந்ததும் அந்த மழை வந்தது. தாமிரபரணியில் தண்ணீர் வருவது புதிதில்லை; ஆனால் அந்தத் தடவை ஆறு எது, ஊர் எது என்று தெரியவில்லை. ஐயம்பெருமாள் விடியற்காலையில் வாழைத்தோட்டத்துக்குப் போயிருந்தான். தண்ணீர் சுற்றி வளைத்ததும் பம்புசெட் அறையின் மேல் ஏறினான் என்று ஒருவன் சொன்னான், அந்த அறையே போய்விட்டது என்று இன்னொருவன் சொன்னான். தங்கத்தாய் மகளோடு பள்ளிக்கூட மாடியில் நின்றாள். ஓடிவந்த அவசரத்தில், வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த தாய் ஆட்டை அவிழ்த்துவிட அவளுக்குத் தோன்றவில்லை. அது கயிற்றோடு போயிற்று. காலடியில் ஓடிவந்த குட்டியை மட்டும் வாரி எடுத்திருந்தாள். நனைந்து நடுங்கிக்கொண்டு அது அவள் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. கழுத்தில் இருந்த பொட்டுத்தாலி உட்பட எல்லாம் அடகில். வீடு தண்ணீரில். தன்னுடையது என்று சொல்ல அவளிடம் அப்போது வேறு எதுவும் இல்லை. கோயில் இருந்த பக்கம் வெறும் தண்ணீராகத் தெரிந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்து, இதைத் தருகிறேன், அவரைக் கொடு என்று கேட்டாள்.

மறுநாள் ஒரு படகில் ஐயம்பெருமாளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தோள் தோல் உரிந்து, பேச்சு வராமல் வந்தான். ஆனால் வந்துவிட்டான்.

வெள்ளத்தில் மாடன் கோயில் பீடம் இடிந்துபோனதால் அடுத்த வருசம் கொடைத் திருவிழா நடக்கவில்லை. இந்த வருசம் வைகாசியில் கொடை என்று ஊர் கூடி முடிவெடுத்தது. துரை இப்போது இரண்டு பேர் பிடித்தாலும் நிற்காத கிடா. சரியாக அதே நேரத்தில்தான் வேணியின் பிளஸ் டூ முடிவு வந்தது. அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை. காமாலையில் கிடந்தபோது தலைமாட்டில் நின்ற நர்சைப் பார்த்ததிலிருந்து அந்த ஆசை. பதினெட்டு முடிந்தால் டிரஸ்டு உதவி நின்றுவிடும். அதற்கு மேல் படிக்கவைப்பது கொடுக்கிறவர்கள் மனசைப் பொறுத்தது. டீச்சரம்மா பிள்ளையை நேரில் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம் என்று கிளம்பி வருகிறார். கூடவே துரையையும் பார்க்க வேண்டுமாம். மெர்வின் வந்து இதைச் சொல்லிவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். துரை நலமாக வளர்கிறது என்று அவர்தான் எழுதிக்கொண்டிருந்தார். அந்த அம்மா முட்டைகூடத் தொடாத சைவம் என்றும் சொன்னார்.

வீட்டில் அன்றிலிருந்து சண்டை. வேறு கிடா வாங்கி வெட்டிவிட்டால் மாடன் வேண்டாமென்றா சொல்லப் போகிறார் என்றான் ஐயம்பெருமாள். விட்டது விட்டதுதான், மாற்றிக் கொடுக்கச் சாமி என்ன பீடிக்கடையா என்றாள் தங்கத்தாய். கடைசியில், டீச்சரம்மா வந்து போகிறவரை மறைத்துவைப்பது என்று புருசனும் மகளும் மெர்வினும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். ரிப்பன் அப்படி வந்ததுதான்.

கார் பத்து மணிக்கு மேல் வந்தது. டீச்சரம்மா மெலிந்த உடம்பு, பருத்திச் சேலை, நரைத்த தலையை ஒட்டக் கத்தரித்திருந்தார். வேணியைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பல் முளைத்துவிட்டதே என்றார். வேணி சிரித்துவிட்டாள், மெர்வின் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் மறந்து நன்றாகவே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், இவ்வளவு நல்ல மனுசியிடம் பொய்யா என்று தங்கத்தாய்க்கு இருந்தது.

மார்க்கு, கல்லூரி, விடுதி என்று பேச்சு போனது. டீச்சரம்மா சென்னைத் தமிழில் எல்லாருக்கும் ‘நீங்க’ போட்டுப் பேசினார். பிறகு, நம்ம துரை எங்கே என்று எழுந்தார். கைப்பையிலிருந்து ஒரு சிறிய வெண்கல மணியை எடுத்தார். துரைக்கென்று டவுணில் வாங்கினாராம். மணியைக் கட்டுவதற்காகக் கிடாவின் கழுத்தைச் சேர்த்துப் பிடித்தவர், காதருகே கை போனதும் நின்றுவிட்டார். காதை விரித்துப் பார்த்தார். ரிப்பனை மெல்லத் தள்ளி, மயிர் தேய்ந்திருந்த தடத்தையும் பார்த்தார்.

“எந்தச் சாமிக்கு விட்டிருக்கிய?” என்று கேட்டார். திடீரென்று அது சென்னைத் தமிழாக இல்லை.

“இல்லம்மா, அது ஒரு நாயி...” என்று ஐயம்பெருமாள் ஆரம்பித்தான்.

“நாய் இவ்வளவு நேரா நறுக்குமா?”

ஐயம்பெருமாள் மடியிலிருந்த மஞ்சள் துணியை எடுத்து அவர் முன்னாலேயே கிடாவின் கழுத்தில் கட்டினான். தங்கத்தாய் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, வெள்ளத்தில் நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னாள். டீச்சரம்மா கிடாவின் பக்கத்திலேயே கல்லில் உட்கார்ந்து கேட்டார். சொல்லி முடித்ததும் அவரும் ஒன்று சொன்னார். டவுணில் அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது, இப்படி மஞ்சள் கட்டின கிடா ஒன்று தெருத்தெருவாகத் திரியும். சாமிக்கு விட்டதை விரட்டக் கூடாது என்று அவருடைய அம்மா வாசலில் கழுநீர் வைப்பார். அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாழைப்பழத் தோலோடு அதற்காகக் காத்திருப்பார். துரை என்று பெயர் வைத்திருந்தார். ஒருநாள் அது வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் அதைப் பேசவும் மாட்டார்கள்.

“அப்ப என்னால ஒண்ணும் செய்ய முடியல்ல. சின்னப் பிள்ள,” என்றார். பிறகு தங்கத்தாயின் முகத்தைப் பார்த்தார். “தங்கம், மாடனுக்கு வேற கிடா நான் வாங்கித் தாறேன். இதவிடப் பெரிசா. வேணி படிப்பு மொத்தமும் நான் பாத்துக்கிடுதேன். இவன மட்டும் விட்டிரு.”

அவர் மிரட்டவில்லை, கெஞ்சித்தான் கேட்டார். ஆனால் அங்கே நின்ற எல்லார் காதிலும் இரண்டும் சேர்ந்தே விழுந்தது. ஐயம்பெருமாள் பெண்டாட்டியைப் பார்த்தான். மெர்வின் தரையைப் பார்த்தார். வேணி தாயின் சேலை முந்தானையைப் பின்னாலிருந்து பிடித்தாள். பிடித்த பிடியிலேயே அவள் என்ன சொல்கிறாள் என்பது தெரிந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கத்தாய் ஓர் அடி முன்னால் வந்தாள்.

“டீச்சரம்மா, எம் பிள்ள நிக்குது பாருங்க, அது நீங்க வளத்தது. அத நான் எந்தக் கோயில்லயும் சொல்லுவேன். அரிசி குடுத்திய, மருந்து குடுத்திய, படிப்பு குடுத்திய. அம்புட்டையும் கைநீட்டி வாங்குனோம். திருப்பிக் குடுக்க எங்ககிட்ட ஒண்ணுமில்ல. நான் பொறந்ததுலேர்ந்து ஒருத்தருக்கு ஒண்ணு குடுத்தேன்னா, அது இது ஒண்ணுதான். அந்தத் தண்ணிக்குள்ள நின்னு குடுத்தேன். நீங்க வாங்கித் தாற கிடா உங்க கிடாம்மா. அத வெட்டுனா நான் குடுத்ததா ஆவுமா?”

“இதுவும் நான் கொடுத்த ஆட்டோட குட்டிதானே?” என்றார் டீச்சரம்மா.

“ஆமா. ஆனா நீங்கதான் குடுத்துட்டியளே,” என்றாள் தங்கத்தாய், மெதுவாக.

டீச்சரம்மா மணியைத் திரும்பப் பைக்குள் வைத்தார். வேணியின் தலையைத் தடவினார். படிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு வேணி தாயோடு பேசவில்லை. சோற்றைப் போட்டால் தின்றாள், தண்ணீர் எடுக்கச் சொன்னால் எடுத்தாள், அவ்வளவுதான். கொடைக்கு முந்தின நாள் பீடி இலை நறுக்கிக்கொண்டிருக்கும்போது கத்தரியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்.

“எம்மா, மாடனுக்குக் குடுத்த வார்த்த பெருசு. சரி. எனக்குன்னு ஒண்ணு யோசிச்சியா நீ?”

தங்கத்தாய் யோசிக்காமலா இருந்தாள். கிடாவோடு சேர்த்து மகளின் படிப்பையும் வெட்டப் போகிறோமோ என்று நினைத்து நினைத்து, சுற்றின பீடியெல்லாம் ஒன்று இறுகி ஒன்று தளர்ந்து, பீடிக்கடையில் பாதியைக் கழித்துத் தள்ளினார்கள். தான் செய்தது சரிதானா என்று அவளுக்கே தெரியவில்லை. வேறு மாதிரிச் செய்யவும் தெரியவில்லை. மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் இலை நறுக்கினாள். அழுகை வந்தபோது அழுதாள், மகள் பார்க்கத்தான் அழுதாள்.

மத்தியானக் கொடையில் மேளம் காதைப் பிளந்தது. வில்லுப்பாட்டுக்காரர்கள் தொண்டை கட்டி, சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கட்டின பீடத்தில் சுண்ணாம்பு வாசம் போகவில்லை. துரைக்கு மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்தி, தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். கிடா உடம்பைக் குலுக்கினால்தான் சாமி உத்தரவு தந்ததாக அர்த்தம். அதுவரை யாரும் அரிவாளை எடுக்க மாட்டார்கள். துரை சும்மா நின்றது. இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். அப்போதும் நின்றது. தங்கத்தாயின் மனசு ஒரு பொழுது தடுமாறியது. குலுக்கிவிடாதே என்று கிடாவிடம் கேட்டாள். வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு, எனக்கும் பழியில்லை, பிள்ளைக்கும் வழி பிறக்கும். நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு நடுங்கின குட்டிதானே அது. கல் மனசுக்காரியா அவள்.

துரை தலையிலிருந்து வால்வரை ஒரு குலுக்குக் குலுக்கியது. தண்ணீர் அவள் முகத்திலும் தெறித்தது. குலவை எழும்பியது. தங்கத்தாய் திரும்பி நின்றுகொண்டாள்.

பிறகு அடுப்பு எரிந்தது, மசாலா கொதித்தது, கோயில் முன்னால் தெரு முழுக்கப் பந்தியில் உட்கார்ந்தது. ஐயம்பெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழம்பு வாளியோடு நடந்தான். சோற்றை யார் போடுவது என்று பார்த்தபோது, வேணி தானாக வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். பந்தியில் இருந்தவர்கள், பாலம்மாள் அத்தை, பீடிக்கடை ஆட்கள், இத்தனை வருசமாகக் கைமாற்றுக்கு அரிசி தந்த பக்கத்து வீட்டார், எல்லாரும் அவளை நிமிர்ந்து பார்த்து இலையைக் காட்டினார்கள். இந்தப் பக்கம் கொஞ்சம், தாயி, என்றார்கள். வயிறு நிறைந்துவிட்டது, தாயி, என்றார்கள். வேணி இதுவரை தட்டோடு நின்றிருக்கிறாள், நன்றி எழுதியிருக்கிறாள். தன் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு ஒருவர் கைகழுவப் போவதை அவள் பார்த்ததில்லை. பந்தி முடிந்த இலையை எடுக்கும்போது தாயின் தோளில் ஒரு நிமிசம் முகத்தை வைத்துவிட்டு எடுத்தாள். தங்கத்தாய்க்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாம் பந்தி நடக்கிறபோது கார் வந்து நின்றது. டீச்சரம்மா இறங்கிக் கொஞ்சம் தள்ளியே நின்றார். கறிவாசனைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்துவதா வேண்டாமா என்று கை மேலே போய் இறங்கியது. தங்கத்தாய் ஓடிப்போய் எதிரே நின்றாள்.

“முடிஞ்சிட்டா?” என்றார் டீச்சரம்மா.

“முடிஞ்சிட்டும்மா.”

“நல்லபடியா உத்தரவு குடுத்தானா?”

தங்கத்தாய் தலையை மட்டும் ஆட்டினாள். டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார், துடைத்ததை மறைக்கவில்லை. காலையிலிருந்து டவுணில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன், அங்கே இருக்க முடியவில்லை என்றார். மாடன் கூட இருக்கிற பேச்சியம்மனுக்குச் சைவப் படைப்பு தனியாக வைத்திருப்பீர்களே, அதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

பொங்கல் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் இருந்தது. தனியாக நாற்காலி போடச் சொன்ன மெர்வினை அவர் கையமர்த்திவிட்டு, பந்தியின் கடைசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தங்கத்தாய் இலை போட்டுத் தண்ணீர் தெளித்துத் தன் கையால் பரிமாறினாள். டீச்சரம்மா பசித்தவர்கள் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சோறு வாங்கினார். கை கழுவி வந்ததும் தங்கத்தாயின் பக்கத்தில் வந்து நின்றார்.

“அன்னைக்குப் படிப்பையும் ஆட்டையும் சேத்து ஒரே மூச்சுல சொல்லிட்டேன். அது என் தப்பு. படிப்பு தனி. அது நான் எப்பவோ முடிவு பண்ணுனதுதான்.” கொஞ்சம் தயங்கினார். “தங்கம், வேணியக் காலேஜ்ல சேக்கப் போறப்ப நானும் உங்க கூட வரட்டுமா?”

தங்கத்தாய் மகளைத் திரும்பிப் பார்த்தாள். வேணி இலைக்கட்டோடு நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். போன தடவை இந்த அம்மாள் கேட்டதை இல்லையென்று சொல்ல வேண்டி வந்தது. இந்தத் தடவை கேட்டது அவளால் கொடுக்கக்கூடியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“வாங்க டீச்சரம்மா. ஆனா காரு வேண்டாம், எல்லாரும் பஸ்ஸுலயே போவோம். அன்னைக்கு டிக்கெட்டும் சாப்பாடும் எங்க செலவு.”